கொதிநேரம்

ஒரு கையெழுத்துதானே என்று அன்னபாக்கியம் வெந்நீர்க் கொப்பரையின் மூடியைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள், ஒரு கையெழுத்து, பேனாவைப் பிடித்தால் மூன்று மூச்சு விடுவதற்குள் முடிந்துபோகும், அதற்குப் போய் விடிந்ததிலிருந்து இத்தனை யோசிப்பானேன். நாலு மணிக்கு வருகிறேன் என்று கோயில் காரியதரிசி ஹார்ட்லி சொல்லியிருந்தார். சொன்னால் வருவார். ஆராதனைக்கு மற்ற ஜனங்கள் மணியடித்த பிறகு வந்தால் அவர் மணிக்கு முன்னாலேயே வந்து மணியடிக்கிறவரை முறைத்துக்கொண்டு நிற்பார், அப்படிப்பட்ட மனுஷன். இப்போது மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம். ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும், ஆண்டவரே, அதற்குள் எனக்கு ஒரு வார்த்தை கொடும். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. இந்த அறுபத்து மூன்றாம் வருஷம் பிறந்ததிலிருந்து லண்டனின் மேற்கோரத்து இந்த ஆற்றங்கரை ஊரில் அவள் மண்ணைக் கண்ணால் பார்க்கவில்லை, எங்கும் வெள்ளை, ஆறே மேல்பக்கத்தில் கல்லாக உறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள், அடுக்களைக் குழாய் காலையில் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோய், கோயிலில் பாதிரியார் அறைக் குழாயிலிருந்து நாலு வாளி சுமந்து வந்து கொப்பரையை நிரப்பினாள், ஐம்பத்தேழு வயசு இடுப்பு அதற்கு இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பனியிலும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அறுபது பேர் உட்காரும் கோயில் கூடத்தில் நூற்றிருபது பேர், நாற்காலிகளையெல்லாம் மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு நின்றுகொண்டே, கோட்டு நனைந்த கம்பளி வாசம், சிகரெட் வாசம், வாலிப வேர்வை, சுவரில் நீர் கோடு கோடாக இறங்கி, போன வருஷம் போட்ட பச்சை வர்ணம் கையோடு வந்தது. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த பலகைச் சன்னலில் இரண்டு முழங்கைகள் தெரிந்தன, யாருடையவோ. ஒரு கையெழுத்துதானே.

காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம், வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஹார்ட்லி இதே அடுக்களையில் நின்றபடி இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். கூடத்துச் சாவி வைத்திருப்பவளாகிய நான், ஜெபக்கூட்டம் நடத்தப் போகிறோம் என்று இந்த வாலிபர்கள் சொன்ன பொய்யை நம்பி ஏமாந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கூடத்தை அவர்களுக்குத் திறந்து கொடுத்தேன். அவ்வளவுதான், கீழே கோடு போட்டு இடம் விட்டிருந்தது. ஹார்ட்லி இங்கிலீஷில்தான் பேசினார், எல்லோரும் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள், ஆனால் அவள் காதுக்குள் போகிற இங்கிலீஷ் மனசில் போய் விழும்போது பதினாலு வருஷமாகத் திருநெல்வேலிப் பேச்சாகவே விழுகிறது, அதை அவளால் மாற்ற முடியவில்லை. "அவங்க அப்படிச் சொல்லவே இல்லியே அய்யா" என்றாள். "சொல்லாமலா கூடத்து டைரியில ஜெபக்கூட்டம்னு எழுதினீங்க?" "நானாத்தான் எழுதினேன்." "என்னத்துக்கு?" அதற்குப் பதில் அவளிடம் தமிழில்தான் இருந்தது. ஹார்ட்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பொறுமையாக, பொறுமையாகப் பேசும்போதுதான் அவர் ரொம்பப் பயமாக இருப்பார், "உங்க நல்லதுக்குச் சொல்லுதேன். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூடத்துல ஜெபத்தைத் தவிர ஒண்ணும் நடக்கப்படாதுன்னு சட்டம். நீங்க ஏமாந்தீங்கன்னா கமிட்டி மன்னிக்கும். ஏமாறலன்னா நீங்க எங்களை ஏமாத்தினீங்கன்னு ஆயிரும். மூணாவதா ஒரு வழி எனக்குத் தெரியல" என்றார். ஏமாந்தவள், ஏமாற்றினவள். இரண்டு இரவு இதையே புரட்டிப் பார்த்துவிட்டாள், ஏமாந்தவளும் இல்லை, ஏமாற்ற நினைத்தவளும் இல்லை, அப்படியானால் நான் யார், கர்த்தாவே, உமக்குத் தெரியுமே, நான் யார் என்று அந்த மனுஷனுக்கு நீர் சொல்லக்கூடாதா. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ரயில் ஏறித் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிற ஹார்ட்லி, பதினோரு மாதமாக டைரியைத் திங்கட்கிழமை புரட்டிப் பார்த்து, ஜெபக்கூட்டம், நல்லது, என்று மூடிவைத்த ஹார்ட்லி, போன வாரம் பனியில் ரயில் நின்றுபோனதால் திரும்பி நடந்து வந்து கூடத்து வாசலில் நின்று கேட்டுவிட்டார். கதவைத் திறந்தபோது அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பரிதாபமாக இருந்தது.

ஆனால் முதல் ஞாயிறு, போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின அந்த ஞாயிறு, அதை ஹார்ட்லி பார்க்கவில்லையே. அன்றைக்கு மூன்றே பேர்தான். கிளைவ் என்கிற இருபத்திரண்டு வயசுப் பையன், சுவருக்குச் சாந்து பூசுகிற வேலை, நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை, காலருக்குக் கீழே இறங்கின முடி, அவன் பின்னால் கிடாரோடு இரண்டு பேர். ஊரில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு வந்திருந்தார்கள். டான்ஸ் ஹாலுக்குப் போனால், நீங்கள் பாடுவதற்கு ஆட முடியாது என்று துரத்தினார்களாம், ஜாஸ் வாசிக்கிற இடத்துக்குப் போனால், இது என்ன அழுகுணிச் சத்தம் என்று சிரித்தார்களாம். "அப்படி என்னத்தப் பாடுவீங்க?" என்று அவள் கேட்டாள். "ரிதம் அண்ட் புளூஸ், மிஸஸ் பி. அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பாடுறது." மிஸஸ் பி என்று அப்போதே கூப்பிட்டான், பாக்கியம் என்பது அவன் வாயில் வரவில்லை. "எனக்குத் தெரியாதே." "கேட்டுட்டுச் சொல்லுங்க, பிடிக்கலன்னா போயிருதோம்." பிறகு அவன் கண்ணை மூடி, பலகைத் தரையில் ஒரு காலைத் தட்டிக்கொண்டு பாடினான். தாயைப் புதைத்துவிட்டு வருகிற ஒருத்தன், படுக்க இடமில்லை, போகிற ரயிலில் ஏறவும் வழியில்லை, ஆண்டவரே ஆண்டவரே, என்னை எந்த ஊரில் தேடுகிறீர் என்று கேட்கிறான். ஒரே அடியைத் திரும்பவும் சொல்கிறான், முதல் தடவை சொன்னது போதாது என்கிறதுபோல. அவளுக்குக் கையில் இருந்த துடைப்பம் நின்றுபோயிற்று. ஐம்பத்தெட்டில், நவம்பர் மாதம், ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில், சுற்றிலும் மற்ற நோயாளிகளின் ஜனங்கள் திராட்சைப் பழமும் பூவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், அவள் புருஷன் வேதமாணிக்கம், இருபது வருஷம் கப்பலில் சமைத்து, அவளையும் பிள்ளைகளையும் இந்தக் குளிருக்குக் கூட்டிவந்து, இந்தக் கூடத்துச் சாவியை இடுப்பில் செருகி நடந்த மனுஷர், அவளைப் பார்த்துக்கொண்டே இருந்து பார்க்காமல் ஆனார். அவள் வாயைத் திறந்தாள். நர்ஸ் ஓடிவந்து திரையை இழுத்து, உதட்டில் விரலை வைத்து, ஷ்ஷ் என்றாள். கெட்டவள் இல்லை, தோளைத் தடவிக்கொண்டுதான் ஷ்ஷ் என்றாள். அந்தச் சத்தம் உள்ளேயே போய்விட்டது. அடக்கத்தில் வரவில்லை, வீட்டில் வரவில்லை, பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லியது என்று மகள் ஹெப்சிபா சொன்னாள், மூன்றரை வருஷம் அப்படியே கிடந்தது. சாந்து பூசுகிற ஒரு வெள்ளைக்காரப் பையன், அவன் தாய் உயிரோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், யாரோ ஒருவனுடைய துக்கத்தைக் கடன் வாங்கி, இதே கூடத்தில் நின்று என் சத்தத்தைப் போட்டுவிட்டானே என்று அவள் நினைத்தாள். உள்ளே போனாள். டைரியைத் திறந்தாள். ஞாயிறு, இரண்டிலிருந்து ஐந்து, ஜெபக்கூட்டம். யாரும் எழுதச் சொல்லவில்லை. அதற்கு வேறே என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவும் இல்லை.

அது முதல் வாரம். மூன்றாம் வாரம் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதை ஏன் மறைக்கிறாய் பாக்கியம், ஆண்டவரிடத்திலேயும் மறைப்பாயா, மூன்றாம் வாரம் கிளைவ் பாடின பாட்டில் ஒருத்தி புருஷனை விட்டுப் போகிறாள், அவன் குடிக்கிறான், மறுபடியும் குடிக்கிறான், வாசலில் நிற்கிறான், கூடத்துப் பெண்பிள்ளைகள் இடுப்பை ஆட்டிக்கொண்டு சிரித்தார்கள். தெரிந்தது. தெரிந்த பிறகும் டைரியில் அதையே எழுதினாள். நாற்பது ஞாயிறுக்கு மேல் எழுதினாள். வேண்டாம் என்றால் நீரே நிறுத்தும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் முழங்காலில் நின்று சொன்னாள், நிறுத்தினவர் அவர் இல்லை, ஃபியூஸ்தான். அந்தக் கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாலாம் வாரம் எங்கேயோ இருந்து ஒரு ஆம்ப்ளிஃபயர் தூக்கிவந்தார்கள், கிடார் சத்தத்தைப் பத்து மடங்காக்குகிற பெட்டி. கூடத்துக்கும் அடுக்களைக்கும் சேர்த்து மின்சாரத்துக்கு ஒரே ஃபியூஸ். இவள் கொப்பரையைப் போட்டாள், அவர்கள் பெட்டியைப் போட்டார்கள், டப்பென்று எல்லாம் போயிற்று, மின்னலுக்குப் பிறகு வருகிற மாதிரி ஒரு அமைதி, அப்புறம் நாற்பது பிள்ளைகளும் ஹோவென்று சிரித்தார்கள். "டீயா பாட்டான்னு நீங்களே சொல்லுங்க மிஸஸ் பி" என்று கிளைவ் சன்னலில் தலையை நீட்டினான். "டீதான்" என்றாள், "குளிருல நிக்கிற பிள்ளைகளுக்கு டீ குடுக்காம பாட்டு என்ன பாட்டு." அப்படித்தான் கொதிநேரம் வந்தது. முக்கால் மணி பெட்டியோடு வாசிப்பார்கள், பிறகு பெட்டியின் சொருகியைப் பிடுங்கிவிட்டு மின்சாரத்தைக் கொப்பரைக்குக் கொடுப்பார்கள், கொப்பரை கொதிக்க இருபத்தைந்து நிமிஷம், அந்த இருபத்தைந்து நிமிஷமும் பெட்டி இல்லாமல், வெறும் தொண்டையும் வெறும் கையும் வைத்து யார் வேண்டுமானாலும் முன்னால் போய் வாசிக்கலாம். கிளைவின் ஆட்கள் சுவரோரம் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார்கள், வேறே யாராவது நிற்பார்கள். பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை செய்கிற டோரீன், பேசினாலே முகம் சிவக்கிற பெண், ஒரு கொதிநேரத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் நின்று பாடினாள், முதல் அடியில் குரல் உடைந்தது, யாரும் சிரிக்கவில்லை, பின்னால் இருந்து ஒருத்தன் "உடைஞ்சதுதான் நல்லாருக்கு, அப்படியே பாடு" என்று கத்தினான், இப்போது அவள் அடுத்த ஊர் மதுக்கடைப் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் பாடுகிறாளாம். கிடாரோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வாசிக்கிற தபால்காரப் பையன் ஒருத்தன், மூன்று மாதம் அவன் முகத்தையே யாரும் பார்க்கவில்லை, நாலாம் மாதம் திரும்பினான், திரும்பின அன்றைக்கு என்ன கைதட்டல். ரயில்வேக் கூலிகள் சங்கத்து மாடியில் ஒன்று, சைக்கிள் கடைக்குக் கீழே நிலவறையில் ஒன்று, ஆறு மைல் சுற்றுவட்டத்தில் இப்படி நாலைந்து சின்ன இடம் முளைத்துவிட்டது. எல்லாம் இந்தக் கொப்பரை போட்ட குட்டி என்று கிளைவ் சொல்வான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஒரு இசைத்தட்டு வந்தால் போதும், டீ ஆறுவது தெரியாமல் பத்துப் பேர் தலையோடு தலை வைத்து, ஒரே இடத்தில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து, அந்த ஒரு விரல் எங்கே போகிறது, எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேதபாடம் படிக்கிற பிள்ளைகள்கூட அப்படிப் படித்து அவள் பார்த்ததில்லை. இதையெல்லாம் ஹார்ட்லியிடம் எப்படிச் சொல்வாள். ஏமாந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் இதெல்லாம் ஏமாற்று என்று ஆகிவிடுமே.

இப்போது கொதிநேரம்தான் நடந்துகொண்டிருந்தது, கொப்பரை அடியில் முனகத் தொடங்கியிருந்தது, கூடத்தில் யாரோ ஒருத்தன் மௌத் ஆர்கனை வைத்துக்கொண்டு மூச்சுத் திணறினான். ஹெப்சிபா காலையில் ஆராதனை முடிந்து இந்த அடுக்களைக்கே வந்திருந்தாள், நர்ஸ் உடுப்போடு, மத்தியான டூட்டிக்கு பஸ் பிடிக்க வேண்டிய அவசரத்தோடு. "எம்மா, ஒரே ஒரு தடவை நான் சொல்லுததக் கேளு. கையெழுத்தப் போட்டுரு." "அவங்க பொய் சொல்லலட்டி." "யாரு பொய் சொன்னா என்ன? அந்தப் பயல்களுக்கு அப்பன் வீடு இருக்கு, ஆத்தா வீடு இருக்கு. உனக்கு இருக்கது இந்தக் கோயில் குடுத்த ரெண்டு ரூமு. சாவி போனா ரூமும் போயிரும். உன்ன நான் எங்க வைக்க? நர்ஸ் குவாட்டர்ஸ்ல கட்டிலுக்கு அடியிலயா?" "வச்சுக்கோயேன், நான் மெலிஞ்ச ஆளுதான்." "சிரிக்காத. நாப்பத்தொம்பதுல வீடு தேடுனமே, மறந்துட்டியா?" மறக்கவில்லை. மறக்க முடியுமா. வேதமாணிக்கம் ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் மகன் யோவேலும், இவள் பத்து வயசு ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மழையில், தெருத்தெருவாக, சன்னலில் அட்டை தொங்கும், அறை காலி, கீழேயே இன்னொரு வரி, கறுப்பருக்கு இல்லை, ஒரு வீட்டில் அட்டை இல்லை என்று கதவைத் தட்டினால் ஒரு அம்மாள் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய் அட்டையை எழுதிக்கொண்டு வந்து இவர்கள் முன்னாலேயே மாட்டினாள். பதினேழு வீடு. பதினெட்டாவதாகத்தான் கோயில் சாவி கிடைத்தது. இப்போதும் அந்த அட்டைகள் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. யோவேல் கவென்ட்ரியில் கார் கம்பெனியில் மூன்று பேரோடு ஒரே அறையில் இருக்கிறான், அவனிடம் போய் நிற்க முடியாது. "போட்டுருவேன்னு சொல்லு எம்மா, நான் நிம்மதியா டூட்டிக்குப் போறேன்" என்றாள் ஹெப்சிபா. இவள் அவள் தொப்பியை நேராக்கிவிட்டாள். "நீ இப்படித்தான். ஒண்ணுஞ்சொல்லாமலே எல்லாரையும் ஜெயிச்சிருவ" என்று கோபத்தோடு கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள். ஜெயித்தேனா. நான் யாரை என்ன ஜெயித்தேன். வாழ்நாளில் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை, அப்பாவிடம் சொன்னதில்லை, வேதமாணிக்கத்திடம் சொன்னதில்லை, கப்பல் ஏறு என்றார், ஏறினேன், கோயிலில் மூப்பர் கேட்டாலும் பால்காரன் கேட்டாலும் ஆகட்டும், ஆகட்டும். இந்த ஒரு வார்த்தையிலேயே ஐம்பத்தேழு வருஷம் போயிற்று. ஆகட்டும் என்று சொல்லிப் பழகின வாய் இன்றைக்கு மட்டும் எப்படித் திரும்பும், தபால்காரப் பையன் திரும்பின மாதிரி ஒரு நாள் திரும்பிவிடுமா, அவனுக்கே மூன்று மாதம் ஆயிற்றே, எனக்கு இருப்பது நாற்பது நிமிஷம்.

"தண்ணி என்னாச்சு மிஸஸ் பி? அங்க ஒருத்தன் மௌத் ஆர்கன முழுங்கப் போறான்" என்று கிளைவ் பலகைச் சன்னலில் வந்து சாய்ந்தான். "இன்னும் அஞ்சு நிமிஷம். அவனை நிறுத்தி நிதானமா மூச்சு விடச் சொல்லு, பிள்ளைப்பேறுக்காரி மாதிரி இழுக்கான்." கிளைவ் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தான், முன்பல்லில் ஒன்று உடைந்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு சந்தோஷ சமாச்சாரம். அக்கரையில படகோட்டிகள் சங்கத்துக் கொட்டகை இருக்குல்ல, முந்நூறு பேரு நிக்கலாம், அவங்க எங்களுக்குத் தாரேன்னுட்டாங்க. ஏப்ரல்லருந்து" என்றான். "ஸ்தோத்திரம்" என்றாள், தன்னை அறியாமல், தமிழில். "ஒரே ஒரு காரியம் பாக்கி. நாங்க ஒழுங்கான ஆளுங்கதானான்னு உங்க கோயில்ல ஒரு கடிதாசி கேட்டிருக்காங்க. ஹார்ட்லி எழுதுவாராம். நல்லவிதமா எழுதுவாருல்ல?" அவள் கோப்பைகளை அடுக்கினாள். ஆறு, ஏழு, எட்டு. அப்படியா. அதற்குத்தானா என் கையெழுத்து. இந்தக் கூடத்தைப் பூட்டுவதற்கு ஹார்ட்லிக்கு என் கை வேண்டாம், கமிட்டி கூடினால் நாளைக்கே பூட்டலாம், பூட்டட்டும், அது கோயிலுடைய கூடம். பொய் சொல்லித் தெய்வ காரியத்தில் ஏமாற்றினவர்கள் என்று அந்தக் காகிதத்தைக் கடிதாசியோடு வைத்து அக்கரைக்கு அனுப்பினால் கொட்டகை போகும், ரயில்வேச் சங்கத்தில் கேட்பார்கள், சைக்கிள் கடைக்காரர் கேட்பார், ஒவ்வொரு சன்னலிலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு அட்டை தொங்கும். அதை எழுதி மாட்டுகிற கை யாருடையது. என் கை. "மிஸஸ் பி? முகம் என்ன ஒரு மாதிரி இருக்கு?" "ஆவி அடிச்சிருச்சு" என்றாள். சொல்லிவிடலாமா. சொன்னால் இவன் ஓடிப்போய் ஹார்ட்லியின் காலரைப் பிடிப்பான், அல்லது, அதைவிட மோசம், நல்லவன் ஆயிற்றே, நீங்க கையெழுத்துப் போடுங்க, உங்க வீடுதான் முக்கியம் என்பான், அப்படிச் சொல்லிவிட்டால் அவள் போட்டுவிடுவாள், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "போ, போயி பெட்டிய மாட்டு. தண்ணி கொதிச்சிருச்சு" என்று கொப்பரையின் சொருகியைப் பிடுங்கினாள்.

நூற்றிருபது கோப்பை. நீட்ட நீட்டக் கைகள் வாங்கிக்கொண்டே இருந்தன, தேங்க்யூ, தேங்க்யூ மிஸஸ் பி, சீனி கூடப் போடுங்க கண்ணு, அவள் மனசுக்குள் ஹார்ட்லிக்கு இங்கிலீஷில் பேச ஒத்திகை பார்த்தாள், மரியாதையாக, நீளமாக, ஐயா, தாங்கள் இந்த ஏழை விதவைக்குச் செய்த உபகாரங்களை மறக்கவில்லை, ஆனாலும், ஆனாலும் என்பதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பயமாக இருந்தது, பொய் சொல்வானேன், ஆனால் பயத்துக்கு அடியில் வேறே ஒன்று, சூடாக, கொஞ்சம் வெட்கங்கெட்டதாக, ஏறிக்கொண்டு வந்தது. கோபமா. எனக்குக் கோபம் வருமா. ஷ்ஷ் என்று இன்னொரு தடவை சொல்ல வருகிறார்கள், இந்தத் தடவை என் விரலை எடுத்து இந்தப் பிள்ளைகளின் உதட்டில் வைக்கப் பார்க்கிறார்கள். பெட்டிக்கு மின்சாரம் போய், கூடத்தில் கிடார் ஒரு நீண்ட கோடு இழுத்தது, தரைப்பலகை வழியாக அவள் பாதத்துக்கு வந்தது. பின்வாசல் கதவு திறந்தது. மணி நாலு. தொப்பியில் பனியோடு ஹார்ட்லி உள்ளே வந்து, கதவைச் சாத்தி, ரொட்டி வெட்டுகிற பலகையில் காகிதத்தை விரித்து, மூலையில் சீனி டப்பாவைப் பாரம் வைத்து, பேனா மூடியையும் அவரே திருகி எடுத்து நீட்டினார். சத்தத்தில் அவர் கத்தவேண்டியிருந்தது. "கோட்டுக்கு மேல போடுங்க."

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போயிற்று. "நோ" என்றாள். ஹார்ட்லி காதை முன்னால் கொண்டுவந்தார். "என்னது?" "நோ, மிஸ்டர் ஹார்ட்லி." அவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. அவர் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். "நீங்க புரிஞ்சுதான் பேசுதீங்களா? இந்தச் சாவி..." "தெரியும்." "அந்த ரெண்டு ரூமு. ஈஸ்டருக்குள்ள காலி பண்ணணும்." "பண்ணுதேன்." "எங்க போவீங்க?" அதை அவர் நிஜமாகவே கேட்டார், அதற்காக அவள் பின்னால் அவருக்காக ஜெபிப்பாள், இப்போது நேரமில்லை. "தெரியல" என்றாள். "பின்ன எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்?" "எழுதினது நான். அவங்க ஒரு பொய்யும் சொல்லல. மொத வாரம் எனக்கு அது ஜெபம்னு பட்டுது, எழுதினேன். மூணாம் வாரம் எல்லாம் தெரிஞ்சுதான் எழுதினேன். அந்தப் பழியை என் பேருக்கு எழுதுங்க, கையெழுத்து என்ன, ரேகையே வைக்கிறேன். அவங்க பேருக்கு எழுத என் கை வராது. படகுக்காரங்க சங்கத்துக்கு நாளைக் காலையில நானே நடந்து போயி இதைச் சொல்லுவேன்." "ஆலயத்து டைரியில பொய்ன்னு தெரிஞ்சே எழுதியிருக்கீங்க. அது பாவம்னு தோணலியா?" "அதை நான் சொல்ல வேண்டியவர்ட்ட சொல்லியிருக்கேன் அய்யா. அவரு இன்னும் பதில் சொல்லல. நீங்க முந்திக்காதீங்க." ஹார்ட்லி பேனா மூடியைத் தேடினார், அவர் கைக்குள்ளேயே இருந்தது. காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, காலி பண்ணச் சொல்லிக் கடிதாசி வரும் என்று சொன்னார், அல்லது வேறே என்னவோ, மத்தளச் சத்தத்தில் கேட்கவில்லை, கதவு திறந்து ஒரு வாய் பனிக்காற்றை உள்ளே தள்ளிவிட்டு மூடிக்கொண்டது.

அவளுக்கு உட்காரவேண்டும்போல இருந்தது, அடுக்களையில் நாற்காலி இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஹெப்சிபாவிடம் என்ன சொல்வது, பதினேழு வீடா இருபத்தேழு வீடா, பெட்டி அந்தப் பழைய பெட்டிதான் பரண்மேல் இருக்கிறது, பூட்டு துருப்பிடித்திருக்கும், இருக்கட்டும், இருக்கட்டும், இதெல்லாம் நாளைக்கு. பலகைச் சன்னலில் எட்டிப் பார்த்தாள். கூடத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை, எல்லாம் முன்னால் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன, அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது, ஏன் அப்படி என்று அவளுக்கே சிரிப்பாக வந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுக்களைக் கதவைத் திறந்து, பாட்டு நடக்கும்போது ஒரு நாளும் போகாத அந்தக் கூட்டத்துக்குள் இறங்கினாள். நனைந்த கோட்டுகள், முழங்கைகள், ஒரு பெண்ணின் கூந்தல் வாயில் பட்டது, தரை முழங்கால்வரை அதிர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஆறடி உயரத்தில் ஒரு முதுகு சுவர் மாதிரி நின்று அடைத்துக்கொண்டது. கிளைவின் குரல் மட்டும் அந்த முதுகுக்கு அப்பால் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அந்த முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"தள்ளி நில்லுய்யா" என்றாள் தமிழில். "மறைக்குதுல்லா."

அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, தள்ளி நின்றான்.